ஒரே ராடில் கொடுவாவும் விராலும்: மீன் அடித்தும் கைக்கு வராதது ஏன்?

கேள்வி இது: "சென்னைக்குத் தெற்கே உள்ள முகத்துவாரங்களில் கொடுவாவும், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகளில் விராலும் பிடிக்க விருப்பம். இரண்டுக்கும் ஒரே ராடு (தூண்டில் கோல்), ரீல் (நூல் சுற்றும் கருவி) போதுமா? கொடுவா அடிக்கிறது, ஒரு துள்ளலில் கழன்றுபோகிறது. விரால் தவளை லூரை (தவளை வடிவப் பொய்யிரையை) அடிக்கிறது, தூண்டில் முள் ஏறுவதில்லை. ஏறினாலும் செடிக்குள் புகுந்துவிடுகிறது. தவறு எங்கே?"

ராடு, ரீல், நூல் மூன்றும் ஒன்றே போதும். மாற வேண்டியவை டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நூலை விடும் தடை) இறுக்கம், லீடர் (நூல் நுனியில் முடியும் தடித்த துண்டு நூல்), அடி விழுந்த நொடியில் கை செய்யும் வேலை. கொடுவாவுக்கு நூல் விட்டுக்கொடுக்க வேண்டும். விராலுக்கு ஒரு சாண்கூட விடக்கூடாது. அடி விழுந்ததும் கொடுவாவை உடனே இழுத்துப் பிடிக்க வேண்டும். விராலுக்குப் பொறுக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டையும் ஒரே கைப்பழக்கத்தில் பிடிக்கிறீர்கள். இரண்டும் தப்புவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சாமான்களிலிருந்து தொடங்குவோம். 7 அடி ஸ்பின்னிங் ராடு, மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பானது), 10 முதல் 40 கிராம் வரை லூர் வீசக்கூடியது. இந்த எண்கள் ராடின் கைப்பிடிக்குச் சற்று மேலே அச்சிடப்பட்டிருக்கும். 9 அடி ராடு கடற்கரையில் நன்றாக வீசும், ஏரிக்கரையில் கருவேல மரத்தடியில் நின்று வீச முடியாது. 6 அடி ராடு ஏரிக்குச் சுகம், கல்திட்டில் நின்றால் நூல் பாறையில் உரசும். இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகும் மடக்கு ராடு வேண்டாம்: மூட்டுகளில் மணல் புகுந்தால் பூட்டிக்கொள்ளும், கொடுவா இழுக்கும்போது மெல்லிய மேல்துண்டு சந்தில் உடையும்.

ரீல் 4000 அளவு. பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச டிராக் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையிலேயே டிராக்கைப் பாதி இறுக்கி, நூலைக் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வெட்டி வெட்டி வந்தால் அந்த ரீல் வேண்டாம். ஒரே சீராக வழுகினால் போதும், 8 கிலோ டிராக் உள்ளதே நம் இரண்டு மீனுக்கும் தாராளம்.

நூல், 8 இழைப் பிரெய்டு (பின்னல் நூல்), 40 பவுண்டு, 150 மீட்டர். மலிவான நூல்களில் பவுண்டுக் கணக்கைக் கூட்டிப் போடுகிறார்கள்; விட்டத்தைப் பாருங்கள், 0.28 மில்லிமீட்டருக்கு அருகில் இருந்தால் சரி. பிரெய்டை நேராக ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றியிருக்கும் வட்டு) கட்டிச் சுற்றக்கூடாது. அது வழுவழுப்பானது, டிராக் எவ்வளவு இறுக்கினாலும் மொத்த நூலும் ஸ்பூலின் மேலேயே சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று பலர் ரீலைப் பிரிப்பது இந்தக் கோளாறுக்குத்தான். முதலில் பத்துச் சுற்று நைலான் நூல் போட்டு, அதில் பிரெய்டை முடிந்து, ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பெரிய மீன் இழுக்கும்போது மேல்நூல் கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, அடுத்த வீச்சில் பட்டென்று அறும். ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்திவிடுங்கள். விளிம்புவரை நிரப்பினால் வீசும்போது கொத்தாக நூல் பாய்ந்து சிக்கும்.

சிக்கலுக்கு இன்னொரு பெரிய காரணம் பெயில் கம்பியை (நூலை ஸ்பூலுக்கு வழிநடத்தும் வளைகம்பி) ரீல் கைப்பிடியைச் சுற்றி மூடுவது. லூர் தண்ணீரில் விழுவதற்குச் சற்று முன் ஸ்பூலை விரலால் தொட்டு நூலைத் தடுங்கள், பெயிலைக் கையால் மூடுங்கள், நூலை ஒருமுறை இறுக இழுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பிரெய்டில் சிக்கல் மிகவும் குறைந்துவிடும்.

இனி கொடுவா. இந்த மீனின் வாயில் கூரிய பல் கிடையாது, உப்புத்தாள் போன்ற சொரசொரப்புத்தான். நூலை அறுப்பது செவுள் மூடி. அதன் விளிம்பு கத்தி போலக் கூரானது, மீன் தலையை உதறும்போது நூல் அதன்மேல் உரசுகிறது. அதற்காகத்தான் லீடர். 50 பவுண்டு நைலான் அல்லது ஃப்ளோரோகார்பன், ஒரு மீட்டர் நீளம். என் தேர்வு நைலான். உரசலைத் தாங்கும், முடிச்சு நன்றாக அமரும், விலையும் குறைவு. கம்பி லீடர் சீலாவுக்கும் வஞ்சரத்துக்கும் தேவை. கொடுவாவுக்குப் போட்டால் அடி குறையும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரின் கடைசி ஒரு சாண் பகுதியை விரல்களுக்கிடையில் ஓட்டிப் பாருங்கள். சொரசொரத்தால் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முடியுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த மீனை இழப்பவர்கள்தான் அதிகம்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. பிரெய்டை விறைப்பாக வைத்துக்கொண்டு, லீடரின் நுனியை அதன்மேல் ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் மாற்றி மாற்றிச் சுற்றுங்கள், மொத்தம் 20 சுற்று. பிரெய்டு லீடரின்மேல் சடைப்பின்னல் போல அமரும். பின்னலைக் குலையவிடாமல் பிரெய்டின் வால்நுனியால் இரண்டையும் சேர்த்து ஓர் அரைமுடிச்சு போட்டு, எச்சிலால் நனைத்து, லீடரையும் பெருநூலையும் (ரீலிலிருந்து வரும் பிரெய்டு) எதிரெதிராக முழுப் பலத்தோடு இழுங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், வெறுங்கையைப் பிரெய்டு அறுத்துவிடும். இறுகும்போது பிரெய்டின் நிறம் கருத்து, பின்னல் லீடருக்குள் பதியும். நிறம் மாறாவிட்டால் முடிச்சு பூட்டவில்லை, நழுவிவிடும். பூட்டிய பிறகு லீடர் நுனியை ஒட்ட வெட்டி, பெருநூலின்மேல் மட்டும் நான்கைந்து அரைமுடிச்சு போட்டு முடியுங்கள்.

காற்றிலும் இருட்டிலும் இது கைவராது. அப்போது இரட்டை யூனி முடிச்சு போதும்: பிரெய்டு பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 4 சுற்று. ஆனால் இது தடித்த முடிச்சு, ராடு வளையங்களில் தட்டும். ஆகவே லீடரை 50 சென்டிமீட்டராகக் குறைத்து, வீசும்போது முடிச்சு ராடு நுனிக்கு வெளியே தொங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

லூரோடு வரும் முள்ளை அப்படியே நம்பாதீர்கள். நன்னீர் மீன்களுக்காகச் செய்த லூர்களில் ட்ரெபிள் (மூன்று முனை) முள் மெல்லிய கம்பி. 4 கிலோ கொடுவா அதை நேராக்கிவிட்டுப் போய்விடும். திரும்பி வந்த லூரில் ஒரு முனை விரிந்திருந்தால் காரணம் அதுதான். தடித்த கம்பி ட்ரெபிளோ, அதைவிடச் சிறப்பாக ஒற்றை முள்ளோ மாற்றுங்கள், முள்ளை லூரோடு இணைக்கும் பிளவு வளையத்தையும் சேர்த்து. முள்ளின் எடை கூடினால் லூரின் நடத்தை மாறும்: மிதக்கும் லூர் மூழ்கத் தொடங்கலாம், ஆட்டம் மந்தமாகலாம். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூர்மையைச் சோதிக்க முள்முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்வாக வையுங்கள். சறுக்கினால் மழுங்கிவிட்டது, பதிந்து நின்றால் கூர்மை சரி.

டிராக்கைக் கைக்கணக்கில் வைப்பதுதான் நீங்கள் கொடுவாவை இழக்க முதல் காரணமாக இருக்கும். மூட்டை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். நூல் நுனியைத் தராசில் கட்டி ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ராடை 45 பாகையில் தூக்கி மெதுவாகப் பின்னால் நடங்கள். நூல் வழுகத் தொடங்கும்போது தராசு காட்டும் எண்தான் உங்கள் டிராக். கொடுவாவுக்கு அது 3 கிலோ. 40 பவுண்டு என்பது சுமார் 18 கிலோ. அதில் ஆறில் ஒரு பங்கு மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் முள் பிடித்திருக்கும் தோலும் முள்ளின் கம்பியும் நூலைவிடப் பலவீனமானவை. மீன் நூலை இழுத்துக்கொண்டு போகப் போக ஸ்பூலில் சுற்று குறையும், டிராக் தானாகவே ஏறும்; நூல்சுற்றின் விட்டம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பாகிவிடும். ஆகவே மீன் ஓடும்போது இறுக்குவது பெரும் தவறு.

கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயை ஒரே நொடியில் விரித்துத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும், 'டப்' என்று சத்தம்கூடக் கேட்கும். நூல் விறைத்து, ராடு நுனி லூரை நோக்கி நேராக நீட்டியபடி இருந்தால் லூர் வாய்க்குள் போக இடமே இருக்காது. உதட்டோரத்தில் ஒரு முனை மட்டும் மாட்டும். அந்த மீன்தான் முதல் துள்ளலில் கழல்கிறது. ராடை லூரின் திசைக்குப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடியுங்கள். அடி பட்டதும் ராடைப் பக்கமாக இழுத்து எடையை ஏற்றுங்கள். தலைக்கு மேல் வீசி அடிப்பது வேண்டாம்.

அடுத்த ஐந்து வினாடிகளில் அது மேலே வரும். நூல் தண்ணீரை வெட்டிக்கொண்டு மேலேறுவது கண்ணுக்குத் தெரியும். அப்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டே இருங்கள். நூல் தாழ்ந்திருந்தால் மீன் முழு உடலையும் தூக்க முடியாது. தலையை மட்டும் உதறும். ராடை உயர்த்தி வைத்தால் நாமே அதைத் துள்ள வைக்கிறோம், கனமான லூர் காற்றில் ஆடி முள்ளைப் பிடுங்கிவிடும். நூல் ஒருபோதும் தொய்யக்கூடாது. மீன் உங்களை நோக்கி ஓடிவந்தால் இரண்டடி பின்னால் நகருங்கள், எந்த ரீலும் அதன் வேகத்துக்குச் சுற்றாது.

எங்கே, எப்போது என்பதை ஓதம் (கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்) தீர்மானிக்கிறது. நம் சோழமண்டலக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். சென்னையில் பெரிய ஓதத்திலும் உயர வித்தியாசம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய ஓதத்தில் நீரோட்டம் பலமாக இருப்பது குறுகிய இடங்களில் மட்டும்: முகத்துவாரத்தின் வாய், பாலத் தூண்கள், ஓடை வந்து சேரும் மூலை. மடவையும் இறாலும் வற்று நீரோடு வெளியே வரும். கொடுவா ஓட்டத்துக்குள் நீந்தி வீணாகாது. தூணின் பின்புறத்திலும் கல்திட்டின் முனையிலும் நீர் சுழலும் இடத்தில் நின்று காத்திருக்கும். லூரை ஓட்டத்துக்கு மேலே வீசி, அது இழுத்துவரப்பட்டு அந்தச் சுழலின் ஓரத்தைக் கடக்கும்படி செய்ய வேண்டும். வற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரமும் ஏற்றத்தின் முதல் மணி நேரமும் நல்லவை. நீர் நின்றுவிட்டால் ஓய்வெடுங்கள், முடிச்சைச் சரிபாருங்கள்.

நாள்காட்டியின் திதியே ஓரளவு வழிகாட்டும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஓதம் பெரிது; அஷ்டமி, நவமியை ஒட்டிச் சிறிது. ஏற்ற நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் ஏறக்குறைய வற்றமாக இருக்கும். போன வாரம் மீன் அடித்த இடத்தில் இந்த வாரம் ஒன்றுமில்லை என்பதற்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். செல்பேசிச் செயலி காட்டுவது கடலோர நேரம். வாய் குறுகிய கழிமுகத்தின் உட்புறத்தில் கடல் ஏறத் தொடங்கிய பிறகும் நீண்ட நேரம் நீர் வெளியேறிக்கொண்டிருக்கும். கரையில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தை அடையாளம் வைத்து, அந்த இடத்துக்கான தாமதத்தை நீங்களே கண்டுகொள்ள வேண்டும்.

முட்டுக்காடு போன்ற முகத்துவாரங்களில் கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துவிடும். அடைபட்டிருந்தால் ஓதம் உள்ளே வராது, மேலே சொன்ன கணக்கெல்லாம் செல்லாது. அப்போது விடியலும் அந்தியும் மட்டுமே நேரம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வாயை உடைத்த பிறகுதான் காட்சி மாறும். செந்நிற மழைநீரும் பச்சைக் கடல்நீரும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும், அந்தக் கோட்டை ஒட்டி வீசுங்கள்.

அந்த வாய் திறந்திருப்பது மீனின் வாழ்வுக்கே தேவை. கொடுவா முட்டையிடுவது கடலுக்கு நிகரான உப்புநீரில். குஞ்சுகள் வளர உவர்நீருக்கும் நன்னீருக்கும் ஏறிவரும். முட்டுக்காட்டில் ஆய்வுக்களம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்த மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. அந்த இனத்துக்கு இன்னொரு வியப்பான இயல்பும் உண்டு. பெரும்பாலானவை ஆணாக முதிர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகின்றன. 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய கொடுவாக்களில் அதிகம் பெண்களே, ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கில் முட்டையிடக்கூடியவை. 60 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளவை பலவும் முதிராதவை. சாப்பிட ஒன்று வேண்டுமானால் 60க்கும் 80க்கும் இடைப்பட்டதை எடுங்கள், மற்றதை விடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் நம் கழிமுகங்கள் இருக்கும் நிலையில் இதை நாம் செய்தே ஆக வேண்டும்.

லூர் என்றால் 9 முதல் 12 சென்டிமீட்டர் நீள மிதவை லூர் ஒன்று, ரப்பர் மீனோடு ஜிக் ஹெட் (தலையில் எடை வார்த்த முள்) சில போதும். ஜிக் ஹெட் எடை ஓட்டத்தைப் பொறுத்தது: 7 கிராமில் தொடங்கி, அடியைத் தொடுவது கையில் தெரியாவிட்டால் 10, 14 என்று ஏற்றுங்கள். தூக்கி, விழவிட்டு, மறுபடி தூக்குங்கள். லூர் கீழே விழும்போதுதான் மீன் அடிக்கும், அதனால் விழும்போதும் நூல் லேசாக விறைத்திருக்க வேண்டும். ரப்பர் வால் அரைவட்டமாகக் கடிபட்டு வந்தால் அது பேத்தை மீன். இடம் மாறுங்கள், இல்லையென்றால் பெட்டி காலியாகிவிடும். நிறத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஆழமும் அளவும் சரியாக இருந்தால் நிறம் கடைசிக் கவலைதான்.

விராலுக்கு வருவோம். இங்கே மீனுக்கு உதவுவது செடி. தாமரை இலை, ஆகாயத்தாமரை, கோரை இவற்றுக்கு நடுவில் இருக்கும் கையகலத் திறப்புகளில் விரால் நிற்கும். அடித்தவுடன் கீழே பாய்ந்து தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிவிட்டால் நூல் அறாது, ஆனால் முள் கழலும். அதனால்தான் நூல் விடக்கூடாது என்றேன். அதே தராசில் டிராக்கை 6 கிலோவுக்கு ஏற்றுங்கள். நீளமான லீடரைக் கழற்றிவிட்டு பிரெய்டை நேராகத் தவளை லூரில் கட்டுங்கள். தண்டுகளை அது வெட்டிக்கொண்டு வரும். நீர் தெளிந்து செடி குறைவாக இருக்கும் குளத்தில் மட்டும் 30 சென்டிமீட்டர் நைலான் போடலாம்.

தவளை லூரின் இரு முட்களும் முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். மீன் வாயை மூடி அழுத்தினால்தான் ரப்பர் உடல் அமுங்கி முள் வெளிப்படும். மேல்மட்டத்தில் தெறிப்பு எழுந்த அதே நொடியில் இழுத்தால் லூர் மீனின் திறந்த வாயிலிருந்து அப்படியே வெளியே வந்துவிடும். தெறிப்பைக் கண்டதும் ராடு நுனியைத் தாழ்த்துங்கள், மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணுங்கள், நூலில் எடை ஏறுவது தெரிந்ததும் இரண்டு கையாலும் ஓங்கி இழுங்கள். கொடுவாவுக்கு வேண்டாம் என்று சொன்ன அந்த ஓங்கல் இங்கே வேண்டும், விராலின் தாடை எலும்பு கெட்டி. இழுத்த கையோடு நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே மீனின் தலையைச் செடியின் மேல் ஏற்றிவிடுங்கள். தலை மேலே வந்துவிட்டால் இலைகளின்மீது வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

லூரையும் கொஞ்சம் திருத்த வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள், கல் போல இருந்தால் அந்த லூரால் முள் ஏறாது, மென்மையானதை வாங்குங்கள். குறடால் முள்முனை ஒவ்வொன்றையும் மயிரிழை அளவு வெளிப்பக்கம் வளைத்துவிடுங்கள். அதிகம் வளைத்தால் ஒவ்வோர் இலையிலும் மாட்டும். வால் குஞ்சங்கள் நீளமாக இருந்தால் பாதிக்கு வெட்டுங்கள். சிறிய விரால் குஞ்சத்தை மட்டும் கவ்விவிட்டுப் போவது குறையும். ஐந்தாறு வீச்சுக்கு ஒருமுறை வயிற்றை அழுத்தி உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுங்கள். உயிர்த் தவளையைக் கோர்ப்பது வேண்டாம். அது கொடுமை, மீன் முள்ளை விழுங்கிவிடுவதால் சிறியதைத் திருப்பி விடவும் முடியாமல் போகும்.

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். நீரில் கரைந்த பிராணவாயு மட்டும் அதற்குப் போதாது, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். அந்த மெல்லிய 'ப்ளக்' ஒலியும் விரியும் வளையமும்தான் உங்களுக்கு அடையாளம். வளையத்தின் நடுவில் வீசாதீர்கள், மிரண்டுவிடும். இரண்டு மூன்று மீட்டர் தாண்டி வீசி, அந்த இடத்துக்கு மேல் மெதுவாக நடத்திவந்து, திறப்பில் ஒரு நொடி நிறுத்துங்கள். பெரும்பாலான அடி நிறுத்தத்தில்தான். காலை 6 முதல் 9, மாலை 4 முதல் இருட்டும்வரை நல்ல நேரம். நடுப்பகலில் மர நிழலைத் தேடுங்கள்.

மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கொத்தாகக் கொதிப்பதைக் கண்டால் அங்கே வீசக்கூடாது. கீழே தாய், தகப்பன் காவல் நிற்கின்றன. லூரை விரட்டி அடிக்கத்தான் செய்யும், பிடிப்பது சுலபம். ஆனால் காவல் போனால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரையாகும். இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்: குஞ்சுக் கொத்தின் மேல் லூர் போடுபவரைப் பார்த்தால் தடுத்துச் சொல்லுங்கள்.

மீன் கரைக்கு வந்ததும் செய்ய வேண்டியது இரண்டுக்கும் பொது. கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மேல்வழுவழுப்பை உரித்துவிடும். கொடுவாவைத் தாடைப் பிடிப்பானில் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பது தாடை மூட்டையும் உள்ளுறுப்பையும் கெடுக்கும். வயிற்றுக்குக் கீழே இன்னொரு கை கொடுத்துக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். செவுளுக்குள் விரல் விடாதீர்கள், விரல்தான் அறும். முள்முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருந்தால் கழற்ற ஐந்து வினாடி. தண்ணீருக்கு வெளியே அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். விடும்போது தலை ஓட்டத்தை நோக்கி இருக்கட்டும், தானாக உதைத்துப் போகும்வரை பிடித்திருங்கள்.

கெளிறோ கெளுத்தியோ மாட்டினால் குறடால் மட்டுமே தொடுங்கள். அதன் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் குத்தினால், பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெந்நீரில் காயத்தை முக்கி வையுங்கள். நஞ்சு சூட்டில் சிதைந்து வலி தணியும். அதன்பிறகு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், முள்துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். ஆழம் குறைந்த உவர்நீரில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். முகத்துவார வாயில் வற்றத்தின்போது தண்ணீரில் இறங்கவே வேண்டாம். ஓட்டம் நேராகக் கடலுக்கு இழுக்கும். இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு விலகுங்கள், ராடில் உள்ள கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே செல்லும் மின்கம்பியும் அதே ஆபத்துதான்.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஏரி, குளங்களின் மீன்பாசி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் கேட்காமல் வீசினால் அது திருட்டு. தெற்கு மாவட்டங்களில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி மீன்பிடிக்கும் திருவிழா நடக்கும், அது ஊத்தாக் கூடைக்கும் கச்சா வலைக்கும் உரிய நாள். ராடோடு போய் நிற்காதீர்கள். சாத்தனூர், அமராவதி, ஆழியாறு போன்ற அணைகளில் மீன்வளம் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் கையில். அமராவதியிலும் கொள்ளிடத்திலும் முதலை உண்டு, நீர்விளிம்பில் குந்தி உட்காராதீர்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு வனத்துறைக்கு உட்பட்டது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி மீன்பிடிக்கக் கூடாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்கானது. கரையில் நின்று வீச அது தடையல்ல, ஆனால் அந்த நாட்களில் படகு அமர்த்திக் கடலுக்குள் போக விசாரித்துவிட்டே முடிவெடுங்கள். அடையாறு, கூவம், எண்ணூர்ப் பகுதி நீரில் பிடித்ததைச் சமைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உப்புநீரிலிருந்து வந்த அன்றே ரீலைக் கவனியுங்கள். டிராக்கை இறுக மூடிவிட்டு, குழாய் நீரை மெல்லிய தூறலாகத் திறந்து மேலே ஓடவிடுங்கள். வாளியில் முக்கினாலும் வேகமாகப் பீய்ச்சினாலும் உப்பு உள்ளே தள்ளப்படும். துடைத்து நிழலில் காயவைத்து, பிறகு டிராக்கை முழுதும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடி மாதக்கணக்கில் வைத்தால் உள்ளே உள்ள வட்டுகள் ஒட்டிக்கொண்டு, முதல் ஓட்டத்திலேயே வெட்டும். பெயில் கம்பியின் ஓரத்தில் உள்ள நூல் உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் சுழல்கிறதா பாருங்கள். அது உப்பில் இறுகினால் நூல் முறுக்கேறி, உரசித் தேயும். ராடு வளையம் ஒவ்வொன்றிலும் சிறிது பஞ்சை உள்ளே நுழைத்துச் சுழற்றி இழுங்கள். ஓர் இழை எங்காவது சிக்கி நின்றால் அந்த வளையத்தின் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது, பிரெய்டை அது ஒவ்வொரு வீச்சிலும் சீவும்; மாற்றிவிட்டு அடுத்த முறை கிளம்புங்கள்.